அளவீடு சார்ந்த கல்லூரி ஆய்வுத் திட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளநிலை இறுதியாண்டிலும் முதுநிலையிலும் பிராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்காக இந்தப் பக்கம். இயற்பியல், வேதியியல், உயிரியல், பொறியியல், செவிலியம், உளவியல், பொருளியல் என்று துறை எதுவானாலும், எதையாவது அளந்து எண்ணாக எழுதப்போகிறீர்கள் என்றால் இதில் உங்களுக்கும் ஏதாவது இருக்கும்.

அளவீட்டையே தலைப்பாக எடுத்தால் அதை ஆய்வு என்று ஏற்றுக்கொள்வார்களா? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாமா?

தாராளமாக ஏற்றுக்கொள்வார்கள். பெரும்பாலான மாணவர்கள் "எங்கள் ஊர் நீரின் தரம்", "எங்கள் நகரின் காற்று மாசு" என்று தலைப்பு வைத்து, கடையில் வாங்கிய கருவி காட்டும் எண்ணை அட்டவணையில் நிரப்பிவிடுகிறார்கள். அந்தக் கருவி உண்மையில் எதை அளக்கிறது, எவ்வளவு தவறும், எந்தச் சூழலில் தவறும் என்று யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பதே ஒரு முழு ஆய்வு. மூன்று நான்கு மாதத்தில், கல்லூரி லேபில் இருக்கும் பொருட்களை வைத்து, நேர்மையாக முடிக்கக்கூடிய ஆய்வும் அதுதான். ஐம்பது கிணறுகளை நம்பமுடியாத கருவியால் அளந்த அறிக்கையைவிட, ஐந்து கிணறுகளை மூன்று முறைகளால் அளந்து, எந்த முறை எங்கே ஏமாற்றுகிறது என்று காட்டும் அறிக்கை பலருக்கும் பயன்படும்.

தலைப்பு நல்ல தலைப்பா என்று தொடங்குவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு தாளை எடுங்கள். நீங்கள் கண்டறிய நினைக்கும் வேறுபாடு எவ்வளவு பெரிது என்று எழுதுங்கள். உங்கள் கருவியால் எவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பார்க்க முடியும் என்று அதன் கீழே எழுதுங்கள். இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரிதாக இருந்தால் தலைப்பை மாற்றிவிடலாம். அரை மணி நேரக் கணக்குதான், ஒரு செமஸ்டரையே காப்பாற்றும்.

ஓர் எடுத்துக்காட்டு. "சென்னையிலும் கொடைக்கானலிலும் தனி ஊசலால் புவியீர்ப்பு முடுக்கத்தை அளந்து ஒப்பிடுதல்" என்ற தலைப்பு கேட்க அழகாக இருக்கும். கொடைக்கானல் வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தால் முடுக்கம் சுமார் 0.007 மீட்டர்/வினாடி² குறையும். மலையின் நிறையும் ஊசலை இழுப்பதால் உண்மையான குறைவு இதைவிடவும் சிறியது. அதாவது 9.78இல் 0.07 சதவீதத்துக்கும் கீழே. ஸ்டாப்வாட்ச் வைத்து எடுக்கும் ஊசல் அளவீட்டில் 0.2 சதவீதம் வரை இறங்குவதே பெரிய காரியம். ஆகவே அந்தப் பயணத்தில் வேறுபாடு எதுவும் தெரியாது. தெரிந்ததாக அறிக்கை வந்தால் அது தற்செயலாகத்தான் இருக்கும்.

அப்படியானால் தனி ஊசலை வைத்து உருப்படியாக ஒன்றும் செய்ய முடியாதா? அது பதினோராம் வகுப்புச் சோதனைதானே?

செய்யலாம். என்னைக் கேட்டால் இளநிலை இயற்பியல் மாணவருக்கு இதைவிட நல்ல பயிற்சி குறைவு. நம் ரெக்கார்டுகளில் எல்லோரும் 9.8 என்று எழுதுகிறோம். சர்வதேசத் தர மதிப்பு 9.80665. அது 45 பாகை அட்சரேகையை ஒட்டி வைக்கப்பட்ட மதிப்பு. சென்னை 13 பாகையில் இருக்கிறது. இங்கே உண்மை மதிப்பு 9.783க்குப் பக்கத்தில். இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுமார் 0.24 சதவீதம். கேள்வியை இப்படி வையுங்கள்: "நம் லேபில் உள்ள ஊசலால், சென்னையின் மதிப்பு தர மதிப்பைவிடக் குறைவு என்று காட்ட முடியுமா?" இப்போது இது உண்மையான ஆய்வாகிவிட்டது.

கணக்கைப் பார்ப்போம். நீளம் 1 மீட்டர், அலைவுக்காலம் சுமார் 2 வினாடி. நீளத்தில் 1 மில்லிமீட்டர் தவறினால் முடுக்கத்தில் 0.1 சதவீதம் தவறும். கை ஸ்டாப்வாட்ச்சைத் தொடங்கி நிறுத்துவதில் 0.2 வினாடி போகும் என்று வைத்துக்கொள்வோம். 20 அலைவுக்கு 40 வினாடி, ஆகவே காலத்தில் 0.5 சதவீதம். அலைவுக்காலம் சூத்திரத்தில் வர்க்கமாக வருவதால் முடுக்கத்தில் அது 1 சதவீதமாகிவிடும். இதனால்தான் 20 அலைவு எடுக்கும் வகுப்பில் ஒருவருக்கு 9.7, இன்னொருவருக்கு 9.9 என்று வருகிறது. 100 அலைவு எடுத்தால் அது 0.2 சதவீதமாகக் குறையும். நீளத்தின் 0.1 சதவீதத்தையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 0.22. கண்டறிய வேண்டிய 0.24க்கு மிக அருகில் வந்து நிற்கிறோம். அப்புறம் ஒளிக்கதிர் மறிப்பு சென்சார் வைக்கலாம், நீளத்தை இன்னும் கவனமாக அளக்கலாம், பலமுறை திரும்ப எடுக்கலாம். ஒவ்வொரு மாற்றமும் எவ்வளவு தந்தது என்பதுதான் உங்கள் அறிக்கை.

வீச்சை மறந்துவிடாதீர்கள். 20 பாகை வீச்சில் விட்டால் அலைவுக்காலம் சுமார் 0.76 சதவீதம் கூடும், முடுக்கம் 1.5 சதவீதம் குறைவாக வரும். 5 பாகையில் காலத்தின் மாற்றம் 0.05 சதவீதம்தான். நேரெதிராக, குண்டு ஒரு புள்ளியாக இல்லாமல் 1.5 செ.மீ. ஆரமுள்ள கோளமாக இருப்பதால் வரும் திருத்தம் 0.009 சதவீதம். அதைத் தயங்காமல் விட்டுவிடலாம். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று எண்ணால் சொல்லத் தெரிந்த மாணவரிடம் தேர்வாளர்கள் வேறு விதமாகப் பேசுவார்கள்.

துல்லியத்தன்மை, நுட்பம் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. திரும்பத் திரும்ப அளந்தாலும் விடைகள் நெருக்கமாக விழுந்தால் அது நுட்பம். விடை உண்மை மதிப்புக்கு அருகில் இருந்தால் துல்லியம். 2011இல் ஜெனீவாவிலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோவுக்குச் சுமார் 730 கி.மீ. பயணித்த நியூட்ரினோ என்னும் அடிப்படைத் துகள்கள் ஒளியைவிட 60 நானோவினாடி முன்னதாக வந்ததாக ஓபரா என்ற ஆய்வுக் குழு அறிவித்தது. அவர்களின் அளவீடு மிகுந்த நுட்பம் கொண்டது. ஆனால் சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை இணைப்பு நேரக்கணக்கைக் கெடுத்திருந்தது அடுத்த ஆண்டு தெரியவந்தது. இந்த வகைப் பிழையை முறையான பிழை என்போம். ஆயிரம் முறை அளந்து சராசரி எடுத்தாலும் அது போகாது. வேறொரு கருவியால், வேறொரு வழியில் அளந்தால்தான் அது கண்ணில் படும்.

வேதியியல் மாணவர்கள் நாங்கள். நிலத்தடி நீரைத்தான் எடுக்கப்போகிறோம். டி.டி.எஸ். பேனா போதுமா?

போதாது. ஆனால் அந்தப் பேனாவே அருமையான ஆய்வுப்பொருள்.

டி.டி.எஸ். என்பது கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள். பேனா அதை அளப்பதே இல்லை. அது நீரின் மின்கடத்துதிறனை அளந்து, உள்ளே பதித்து வைத்த ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது. அந்தக் காரணி தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் 0.5 முதல் 0.7 வரை மாறும். மின்கடத்துதிறன் 1,200 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. உள்ள நீரை ஒரு பேனா 600 என்றும் இன்னொன்று 840 என்றும் காட்டலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தில் (ஐ.எஸ். 10500) ஏற்கத்தக்க அளவு 500 மி.கி./லிட்டர், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி. எல்லைக்கு அருகே உள்ள நீருக்கு இந்தக் குழப்பம் சாதாரணமானதல்ல. போதாததற்கு வெப்பநிலை பாகைக்குச் சுமார் 2 சதவீதம் மின்கடத்துதிறனை மாற்றும். வெப்பத் திருத்தம் சரியாக வேலை செய்கிறதா என்று குளிர்ந்த நீரிலும் மதிய நேரத் தொட்டி நீரிலும் வைத்துப் பார்த்துவிடலாம்.

ஒப்பிடுவதற்கான முறை: வடிகட்டிய நீரை ஆவியாக்கி, மிச்சத்தை 180 பாகை செல்சியஸில் உலர்த்தி எடை போடுவது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பைகார்பனேட் சூடாகும்போது கார்பனேட்டாக மாறி, கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வெளியேறிவிடும். ஆகவே பைகார்பனேட் மிகுந்த நீரில் எடை முறையே குறைத்துக் காட்டும். உப்பு நீரில் ஒரு காரணி, சுண்ணாம்பு நீரில் வேறொரு காரணி என்று வரும். உங்கள் வட்டாரத்து நீருக்கு எந்தக் காரணி பொருந்துகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னால், பேனா வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அது உதவும்.

நிச்சயமின்மையை எப்படிக் கணக்கிட்டு எழுதுவது? "மனிதப் பிழை" என்று எழுதினால் போதாதா?

அந்தச் சொல்லை அறிக்கையிலிருந்தே நீக்கிவிடுங்கள். எந்தக் கட்டத்தில், எந்தப் பக்கம், எவ்வளவு என்று அது எதையும் சொல்வதில்லை.

நீரின் கடினத்தன்மைக்கான தரம்பார்த்தலை எடுத்துக்கொள்வோம். 50 மி.லி. மாதிரி, 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. (கடினத்தன்மை தரும் கால்சியம், மெக்னீசியத்தோடு இணையும் கரைசல்), எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டி. ஒயின் சிவப்பு நீலமாகும் இடத்தில் பியூரெட் 15.0 மி.லி. காட்டியது. இந்தச் செறிவில் 1 மி.லி. ஈ.டி.டி.ஏ. 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். ஆகவே 50 மி.லி.யில் 15 மி.கி., அதாவது லிட்டருக்கு 300 மி.கி.

இப்போது சந்தேகங்களை வரிசையாகக் கேளுங்கள். பியூரெட்டின் மீச்சிற்றளவு 0.1 மி.லி. ஒவ்வொரு ரீடிங்கிலும் தோராயமாக 0.05 என்றால், தொடக்கம், முடிவு இரண்டுக்கும் சேர்த்து 0.07. நிறம் மாறும் இடத்தைத் தீர்மானிப்பதில் ஒரு சொட்டு, இன்னொரு 0.05. இவற்றை நேராகக் கூட்டாமல் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 0.09 மி.லி. வரும். 15இல் அது 0.6 சதவீதம். ஈ.டி.டி.ஏ. கரைசலின் செறிவு 1 சதவீதம்வரை சந்தேகம் என்றால், மொத்தம் சுமார் 1.2 சதவீதம். விடை: 300 ± 4 மி.கி./லிட்டர்.

கால்குலேட்டர் 299.87 என்று காட்டினால் அதை அப்படியே எழுதுவது தவறு என்பது இப்போது தெளிவாகியிருக்கும். இன்னொன்றும் தெரிகிறது: பியூரெட்டை உற்று உற்றுப் பார்ப்பதைவிடக் கரைசலின் செறிவைச் சரிபார்ப்பதில் நேரம் செலவிட்டால் பலன் அதிகம். எங்கே உழைக்க வேண்டும் என்று சொல்லித்தருவதால்தான் இந்தக் கணக்கை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கடைசியாக, இந்த ± 4 என்பது அந்தக் குடுவையில் இருந்த நீருக்கு மட்டும்தான். அதே ஆழ்துளைக் கிணற்றில் காலையிலும் மாலையிலும், மோட்டார் போட்டவுடனும் அரை மணி கழித்தும் எடுத்த நீர் இதைவிட அதிகமாக வேறுபடலாம். மாதிரி எடுப்பதில் வரும் வேறுபாட்டைத் தனியாக அளந்து, தனியாக எழுதுங்கள்.

எத்தனை ரீடிங் எடுக்க வேண்டும்? மூன்று போதும் என்கிறார்கள்.

மூன்று என்பது பழக்கம். சராசரியின் நிச்சயமின்மை, ரீடிங் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறையும். பாதியாக்க நான்கு மடங்கு ரீடிங் தேவை. பத்தில் ஒரு பங்காக்க நூறு மடங்கு. ஆகவே ஓர் எல்லைக்குப் பிறகு ரீடிங்கைக் கூட்டுவதைவிடக் கருவியை மாற்றுவது நல்லது.

எண்ணிக்கை எடுக்கும் சோதனைகளில் இன்னும் எளிது. நுண்ணோக்கியில் இரத்த அணு எண்ணும் தகட்டில் 100 செல்கள் எண்ணினால் இயல்பான ஏற்ற இறக்கமே அதன் வர்க்கமூலமான 10, அதாவது 10 சதவீதம். 400 எண்ணினால் 20, அதாவது 5 சதவீதம். கைகர் எண்ணியில் கதிரியக்கம் அளப்பவருக்கும் இதே கணக்குதான். நுண்ணுயிரியல் மாணவர் 30 செல்களை எண்ணி, "மருந்து கொடுத்ததும் 15 சதவீதம் குறைந்தது" என்று எழுதினால் அதில் பொருளில்லை, ஏனென்றால் 30இன் இயல்பான ஆட்டமே 18 சதவீதம்.

புதுக் கருவியையும் பழைய கருவியையும் ஒப்பிட்டோம். ஒட்டுறவுக் கெழு 0.98 வந்தது. இரண்டும் சமம் என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. ஒப்பீட்டு ஆய்வுகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். ஒரு இரத்த அழுத்தமானி எப்போதும் சரியாக 15 கூடுதலாகக் காட்டினால் ஒட்டுறவு 1 என்றே வரும். ஆனால் அதை நம்பி ஒருவருக்கு மருந்து எழுதினால் என்ன ஆகும்? ஒட்டுறவு இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று மட்டும் சொல்லும். இரண்டும் ஒரே எண்ணைச் சொல்கின்றனவா என்று சொல்லாது.

1986இல் ஆல்ட்மேன், பிளாண்ட் என்ற புள்ளியியலாளர்கள் இதற்கு ஓர் எளிய வழி காட்டினார்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் இரு கருவிகளின் வித்தியாசத்தைச் செங்குத்து அச்சிலும், இரண்டின் சராசரியைக் கிடை அச்சிலும் வரையுங்கள். வித்தியாசங்களின் சராசரி, ஒரு கருவி மற்றதைவிட எப்போதும் எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும். அதற்கு இருபுறமும் திட்ட விலக்கத்தின் 1.96 மடங்கில் கோடு போட்டால், பெரும்பாலான வித்தியாசங்கள் எந்த எல்லைக்குள் அடங்குகின்றன என்று தெரியும். அந்த எல்லை உங்கள் பயன்பாட்டுக்குத் தாங்குமா என்பதைத் துறை அறிவை வைத்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். விரிதாளில் பத்து நிமிட வேலை.

காற்று மாசுக்கு மலிவான சென்சார் வாங்கியிருக்கிறோம். அதில் என்ன செய்யலாம்?

மலிவு விலை சென்சார்கள் பெரும்பாலும் துகள்களின் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறும் ஒளியிலிருந்து நிறையை ஊகிக்கின்றன. ஈரப்பதம் கூடினால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும், ஒளி கூடுதலாகச் சிதறும், சென்சார் மாசு அதிகம் என்று காட்டும். கடற்கரை நகரங்களில் இது பெரிய சிக்கல். சென்னையில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி போன்ற இடங்களில் அரசின் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன, அவற்றின் தரவு இணையத்தில் கிடைக்கிறது. சென்சாரை நிலையத்துக்கு அருகே சில வாரம் வைத்து, வேறுபாட்டை ஈரப்பதத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். அதற்கு முன் வாங்கிய சென்சார்களை ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே காற்றை ஒன்றுக்கொன்று வேறாகச் சொல்வதைப் பார்ப்பீர்கள். 24 மணி நேரச் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு, நுண்துகளுக்கு (2.5 மைக்ரானுக்குக் கீழே), கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உங்கள் சென்சார்களுக்குள் உள்ள வேறுபாட்டை அந்த 60உடன் ஒப்பிட்டு எழுதுங்கள்.

சிவில் பொறியியலில் அளவீடு என்றால் சர்வே தானே? அதில் ஆய்வுக்கு என்ன இருக்கிறது?

1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். இந்தியா முழுவதும் விரிந்த பெரும் முக்கோண அளவைப் பணி அங்கிருந்துதான் தொடங்கியது. எஃகு ஒரு பாகைக்கு மீட்டருக்குச் சுமார் 0.0115 மி.மீ. நீளும். கேட்கச் சிறிது. 12 கி.மீ.க்கு, 10 பாகை வெப்ப வேறுபாட்டில், அது 1.4 மீட்டர். அதனால் அவர் வெப்பநிலையையும் அளந்துகொண்டே போனார். இன்று உங்கள் கல்லூரி மைதானத்தில் எஃகு நாடாவால் காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் ஒரே 100 மீட்டரை அளந்து, இந்தத் திருத்தம் உண்மையில் கண்ணில் படுகிறதா என்று பார்க்கலாம். நாடா மண்ணில் கிடந்து வெயிலில் காற்றைவிடச் சூடாகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மொபைலின் ஜி.பி.எஸ்.ஸை ஒரே இடத்தில் வைத்துப் புள்ளிகள் எப்படிச் சிதறுகின்றன என்று வரைவதும் நல்ல தலைப்பு. கட்டடத்தின் அருகிலும் திறந்தவெளியிலும் அந்தச் சிதறல் வேறு வேறு வடிவம் எடுக்கும்.

செவிலியம், மருத்துவம் படிப்பவர்கள் எதை எடுக்கலாம்?

பதிவேட்டில் உள்ள இரத்த அழுத்த எண்களின் கடைசி இலக்கத்தை எண்ணிப் பாருங்கள். கையால் அளக்கும் மானியில் 2 மி.மீ. இடைவெளியில் கோடுகள் உண்டு. ஆகவே 0, 2, 4, 6, 8 ஐந்தும் ஏறக்குறைய சமமாக, ஒவ்வொன்றும் 20 சதவீதம் வர வேண்டும். 0 மட்டும் மிக அதிகமாக வந்தால், அளப்பவர்கள் 120, 130, 140 என்று முழு எண்ணுக்குத் தள்ளி எழுதுகிறார்கள் என்று பொருள். 140ஐ எல்லையாக வைத்து முடிவெடுக்கும் இடத்தில் இது நோயாளியைப் பாதிக்கும். நோயாளியைத் தொடாமலே செய்யக்கூடிய ஆய்வு. ஆனாலும் பதிவேட்டைப் பார்க்க நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும், முதல் மாதத்திலேயே விண்ணப்பியுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி இன்னொரு தலைப்பு. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்தும் மானி அதைக் காட்டத் தவறியது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுவதுதான் பிரச்சினை. பல நிறத் தோல் கொண்ட நம் மக்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. இரத்த வாயுப் பரிசோதனையோடு ஒப்பிடுவது மருத்துவமனையில் மட்டுமே முடியும் என்பதால் இதை முதுநிலை மாணவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

உளவியல், சமூகவியல், பொருளியலில் கேள்வித்தாள்தான் கருவி. அதை அளவீடு என்று சொல்லலாமா?

சொல்லலாம். அங்கே கருவியைச் சோதிப்பது இன்னும் அவசியம்.

1990களின் இறுதியில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நிறுவனம் சந்தித்த சிக்கலைப் பாருங்கள். குடும்பங்களின் உணவுச் செலவைக் கடந்த 30 நாளுக்குக் கேட்பது வழக்கம். கடந்த 7 நாளுக்குக் கேட்டுப் பார்த்தபோது, மாதத்துக்குக் கணக்கிட்டால் செலவு கணிசமாகக் கூடுதலாக வந்தது. அதனால் ஏழைகளின் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தது. 1999-2000இன் 55ஆவது சுற்றில் ஒரே குடும்பத்திடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டார்கள். ஒரு விடை மற்றதை இழுத்தது. அந்த ஆண்டின் வறுமைக் கணக்கைப் பழைய சுற்றுகளோடு ஒப்பிட முடியாமல் பொருளியலாளர்கள் பல ஆண்டுகள் விவாதித்தார்கள். நாட்டின் வறுமை விகிதத்தையே ஒரு நினைவுக் காலம் ஆட்டி வைத்தது.

உங்கள் அளவில் இதைச் செய்யலாம். விடுதி மாணவர்களில் பாதிப்பேரிடம் ஒரு வாரச் செலவையும் மீதிப்பேரிடம் ஒரு மாதச் செலவையும் கேளுங்கள். யாரை எந்தப் பாதியில் வைப்பது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்யுங்கள். யு.பி.ஐ. பரிவர்த்தனைப் பட்டியலைப் பகிர விருப்பமுள்ளவர்கள் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள்.

மன அழுத்தம், தன்னம்பிக்கை போன்ற அளவுகோல்களைப் பயன்படுத்துவோர், குரோன்பாக் ஆல்ஃபா (கேள்விகளின் விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.8 வந்துவிட்டது என்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஒரே கேள்வியைச் சொல் மாற்றிப் பத்துமுறை கேட்டாலும் ஆல்ஃபா ஏறும். இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் மீண்டும் கொடுத்துப் பாருங்கள். சிலரை உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் என்னவென்று புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இந்த இரண்டாவது வேலையிலிருந்துதான் நிறையக் கற்றுக்கொள்வீர்கள்.

எங்கள் கல்லூரியில் நல்ல கருவிகள் இல்லை, பணமும் இல்லை. என்ன செய்வது?

கிராமப்புறக் கல்லூரிகளிலிருந்து மிக அதிகமாக வரும் கேள்வி இது. கருவி இல்லாததால் ஆய்வு கூடாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கையில் இருக்கும் மொபைலில் முடுக்கமானி, காந்தமானி, மைக் எல்லாம் இருக்கின்றன. ஜெர்மனியின் ஆஃகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி அவற்றின் தரவை அப்படியே எடுத்துத் தரும். மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண வட்டச் சவ்வின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கற்ற விகிதத்தில் இருக்கும். வலந்தலையின் (மிருதங்கத்தின் வலப்பக்க முகம்) நடுவிலுள்ள கரும்பூச்சு அவற்றை 1, 2, 3, 4 என்ற இசை விகிதத்துக்குக் கொண்டுவருகிறது என்று சி.வி. ராமன் 1920இல் எழுதினார். உங்கள் ஊர் மிருதங்கத்தில் இந்த விகிதம் எவ்வளவு நெருங்குகிறது என்று அளக்கலாம். ஒலியை 0.1 வினாடி மட்டும் எடுத்தால் அதிர்வெண்ணை 10 ஹெர்ட்ஸுக்குக் குறைவாகப் பிரித்தறிய முடியாது. 1 வினாடி எடுத்தால் 1 ஹெர்ட்ஸ். ஆனால் ஒலி அதற்குள் தேய்ந்துவிடும். இந்த இழுபறிதான் அந்த ஆய்வின் சுவை.

கருவியே வேண்டாம் என்றால், கொடைக்கானல் வானாய்வகம் நூறாண்டுக்கும் மேலாக எடுத்த சூரியப் படங்கள் எண்மமாக்கப்பட்டிருக்கின்றன. கரும்புள்ளிகள் நாளுக்கு நாள் நகர்வதை அளந்து சூரியனின் சுழற்சிக் காலத்தைக் கண்டுபிடிக்கலாம். நடுக்கோட்டருகே, பூமியிலிருந்து பார்க்க, சுமார் 27 நாள் வரும். நடுக்கோட்டிலிருந்து விலகினால் காலம் கூடும். உங்கள் அளவீடு அந்தக் கூடுதலைப் பார்க்கும் அளவுக்கு நுட்பமானதா என்பதே கேள்வி.

மழைமானியைப் புனலும் பாட்டிலும் வைத்துச் செய்துகொள்ளலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் என்றால் 1 மி.மீ. மழை. வானிலை ஆய்வு மையம் காலை 8.30க்கு முடியும் 24 மணி நேரத்தைத்தான் ஒரு நாளாக எடுக்கிறது. நீங்களும் அதே நேரத்தில் எடுக்காவிட்டால் ஒப்பிட முடியாது.

பெரிய கருவி தேவைப்பட்டால் சென்னை ஐ.ஐ.டி.யின் பகுப்பாய்வுக் கருவி மையம் வெளி மாணவர்களின் மாதிரிகளையும் கட்டணத்துக்கு அளந்து தருகிறது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ஆய்வுத் திட்டங்களுக்குச் சிறு நிதி வழங்குகிறது. விண்ணப்பம் உங்கள் கைடு வழியாகப் போக வேண்டும். அறிவிப்பு வந்ததும் அவரிடம் நினைவூட்டுங்கள்.

எதிர்பார்த்த விடை வரவில்லை. பொருந்தாத ரீடிங்கை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். கம்பி கழன்றிருந்தது, மாதிரி கொட்டிவிட்டது என்று அப்போதே நோட்டில் எழுதிய காரணம் இருந்தால் மட்டும், அந்தக் காரணத்தையும் அறிக்கையில் சொல்லி, நீக்கலாம். விடையைப் பார்த்தபிறகு தேடிப்பிடித்த காரணம் செல்லாது.

மில்லிகனின் எண்ணெய்த் துளிச் சோதனையை எல்லோரும் படித்திருப்போம். எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கு அவர் 1913இல் தந்த மதிப்பு, காற்றின் பாகுநிலை எண்ணைச் சற்றுத் தவறாக எடுத்ததால், இன்றைய மதிப்பைவிடச் சுமார் 0.6 சதவீதம் குறைவு. அந்த மதிப்பு பல ஆண்டுகள் பாடநூல்களில் இருந்தது. அதோடு பொருந்தவில்லை என்று ஒரு மாணவர் தன் ரீடிங்கைத் தள்ளியிருந்தால், சரியான ரீடிங்கைத்தான் தள்ளியிருப்பார்.

தேர்வாளர் மதிப்பெண் குறைப்பாரோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. பாடநூல் மதிப்பு வராத அறிக்கைக்கு மதிப்பெண் குறைக்கும் பழக்கத்தை ஆசிரியர்களாகிய நாங்கள்தான் மாற்ற வேண்டும். மாணவரைப் பொய் எழுத வைப்பது அந்தப் பழக்கம்தான்.

லேப் நோட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

நேரம், அறை வெப்பநிலை, கருவியின் வரிசை எண், கடைசியாகத் தரப்படுத்திய தேதி, யார் ரீடிங் எடுத்தது, எதிர்பாராமல் நடந்தது. பேனாவால் எழுதுங்கள். அடித்தால் ஒற்றைக் கோடு, கீழே உள்ள எண் படிக்கத் தெரிய வேண்டும்.

வைவாவில் என்ன கேட்பார்கள்?

"இந்த எண் சரி என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று நல்ல தேர்வாளர் கேட்பார். தராசைத் தெரிந்த எடைக்கல்லால் சோதித்தேன், அந்தக் கல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் தரப்படுத்தப்பட்டது, அது புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் படித்தரத்தோடு இணைகிறது என்று சங்கிலியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "கிலோகிராமுக்கு இப்போது எது அடிப்படை?" என்று கேட்டால், 2019 மே 20 முதல் அது பாரிஸ் அருகே உள்ள உலோக உருளை இல்லை, பிளாங்க் மாறிலியின் நிலைநிறுத்தப்பட்ட மதிப்பு என்று சொல்லுங்கள்.

பிராஜெக்ட் முடிந்தபிறகு தரவை என்ன செய்வது?

மூலத் தரவை, திருத்தாத வடிவில், கருவியின் விவரத்தோடு துறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே கிணறுகளுக்குப் போனால், இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கும். கிணற்று உரிமையாளர்களுக்கும் ஒரு தாளில் முடிவை எழுதிக் கொடுங்கள்: எந்த நாளில் எடுத்த நீர், எவ்வளவு, கூடக் குறைய எவ்வளவு இருக்கலாம், வரம்பு என்ன. ஃபுளோரைடு போல உடலைப் பாதிக்கும் ஒன்று 1.5 மி.கி. எல்லைக்கு அருகே வந்திருந்தால், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துக்கொள்ளும்படி நேரில் போய்ச் சொல்லுங்கள்.